இணையப் போக்கர் போட்டியில் படபடப்பு: அறிகுறி வாரியாகக் காரணமும் தீர்வும்

இணையப் போக்கர் போட்டியில் ஆடும்போது படபடப்பாக இருக்கிறது என்று சொல்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, அது ஆட்டத்தின் எந்தக் கட்டத்தில் வருகிறது என்பதுதான். ஒருவருக்குப் போட்டி தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போதே வயிறு கலங்குகிறது. இன்னொருவருக்கு நல்ல சீட்டு வந்தவுடன் விரல் நடுங்குகிறது. மற்றொருவர் மூன்று மணி நேரம் நிதானமாக ஆடிவிட்டு, பரிசு வரம்பு (பரிசோ புள்ளியோ கிடைக்கும் இடங்கள்) நெருங்கியதும் எந்தச் சீட்டு வந்தாலும் ஃபோல்டு செய்துகொண்டே, அதாவது அந்த ஆட்டத்தைவிட்டு விலகிக்கொண்டே போகிறார். இம்மூவருக்கும் "மூச்சை நன்றாக இழுத்து விடுங்கள்" என்ற ஒரே அறிவுரையைச் சொல்வதால் பெரிய பயன் விளைவதில்லை. கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரங்களில் நண்பர்கள் குழுவாகச் சேர்ந்து, நுழைவுக் கட்டணமோ பணப்பரிசோ இல்லாமல், புள்ளிப் பட்டியலுக்காக மட்டும் நடத்திக்கொள்ளும் சனிக்கிழமை இரவுப் போட்டிகளைப் பார்த்துவருபவன் என்ற முறையில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு: முன்கூட்டியே எடுத்துவைத்திருக்க வேண்டிய முடிவைக் கடிகாரம் ஓடும்போது எடுக்க முயல்வதே படபடப்பின் பெரும்பகுதிக்குக் காரணம். கீழுள்ளவற்றில் உங்கள் அறிகுறி எதுவோ அதற்குரிய பகுதியை மட்டும் படித்தாலும் போதும். முதல் பகுதியை மட்டும் யாரும் தாண்டிச் செல்ல வேண்டாம்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது

ஆட்டத்தில் உங்கள் பணம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கை நடுங்குவதும் நெஞ்சு அடித்துக்கொள்வதும் சரிசெய்ய வேண்டிய கோளாறுகள் அல்ல. இழக்கக் கூடாத ஒன்றைப் பணயமாக வைத்திருக்கிறீர்கள் என்று உடல் சரியாகவே எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையை அடக்கக் கற்றுக்கொள்வதைவிட ஆபத்தானது வேறில்லை.

சட்ட நிலையையும் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் தடைசெய்தபோது, அவை திறமையைச் சார்ந்த ஆட்டங்கள் என்று கூறி 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பகுதியைச் செல்லாததாக்கியது. பின்னர் மாநில இணைய விளையாட்டு ஆணையம் நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பணம் வைத்து ஆடக் கூடாது என்பது போன்ற ஒழுங்குமுறைகளைக் கொண்டுவந்தது. 2025 ஜூனில் உயர் நீதிமன்றம் அவற்றை ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றி, அம்மாதம் 22ஆம் நாள் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற மத்தியச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற வேறுபாடே பார்க்காமல், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடைசெய்கிறது. ஆகவே வெளிநாட்டிலிருந்து இயங்கும் ஏதோ ஒரு செயலியில் யாரோ ஓர் இடைத்தரகருக்கு யூபிஐ வழியாகப் பணம் அனுப்பி ஆடுபவருக்கு இந்த வழிமுறை எழுதப்படவில்லை. அவர் செய்ய வேண்டியது செயலியை நீக்குவதும், பணம் ஏமாற்றப்பட்டிருந்தால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைப்பதும்தான். இனி வருபவை அனைத்தும் இலவசச் சிப்புகளை (பணத்துக்குப் பதிலாக மேசையில் வைக்கும் வில்லைகளை) வைத்து ஆடும் போட்டிகளைப் பற்றியவை.

பணமே இல்லாத ஆட்டத்தில் எதற்குப் படபடப்பு என்று வீட்டில் இருப்பவர்கள் கேட்பார்கள். மூன்று மணி நேர உழைப்பு, நண்பர்களின் பார்வை, பட்டியலில் பெயர் நிற்கும் இடம் ஆகியவை போதும். மனித உடலுக்கு இவையும் பணயம்தான்.

அறிகுறி: போட்டி தொடங்கும் முன்பே நெஞ்சு படபடக்கிறது

இது எளிதாகத் தீரக்கூடியது. முதலில் தேநீரையும் காபியையும் சோதித்துப் பாருங்கள். காஃபீனின் பாதி அளவு உடலைவிட்டு நீங்கச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், மாலை ஆறு மணிக்கு பேக்கரியில் நின்று குடித்த இரண்டு கிளாஸ் டீ, ஒன்பது மணிப் போட்டிக்கு உங்களோடு உட்கார்ந்திருக்கும். அடுத்து வயிறு: இரவுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு ஆட உட்காருபவருக்குப் பத்தரை மணிக்கு வரும் நடுக்கம் சீட்டால் வருவதன்று.

இவ்விரண்டும் இல்லாமல் வருவது எதிர்பார்ப்பின் படபடப்பு. அதற்குச் சிறந்த மருந்து, முதல் சில கட்டங்களில் எதுவும் நடந்துவிடாது என்ற கணக்கு. பெரும்பாலான போட்டிகள் பெரிய பிளைண்டைப் (ஒவ்வோர் ஆட்டத்திலும் இருவர் சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாக வைக்கும் தொகைகளில் பெரியதைப்) போல நூறு மடங்கோ அதற்கு மேலோ சிப்பு கொடுத்துத் தொடங்குகின்றன; அந்நிலையில் ஒரு சிறு பாட் தொகையை (எல்லாரும் வைத்து நடுவில் சேர்ந்ததை) இழப்பது உங்கள் சிப்பு அடுக்கில் இரண்டு மூன்று சதவீதத்தைத்தான் குறைக்கும். முதல் அரை மணி நேரத்தை மற்றவர்கள் எப்படி ஆடுகிறார்கள் என்று குறிப்பெடுக்கும் நேரமாக வைத்துக்கொண்டால், கைக்கு வேலை கிடைக்கும், மனம் அடங்கும். ஓரளவு பரபரப்பு இருப்பது நல்லதே. குறைந்த தூண்டுதலும் மிகுந்த தூண்டுதலும் கடினமான வேலையைக் கற்பதைக் கெடுக்கின்றன, நடுவிலுள்ள அளவே உதவுகிறது என்பதை யெர்க்ஸ், டாட்சன் என்ற இரு உளவியலாளர்கள் 1908இல் எலிகளை வைத்துக் காட்டினார்கள். முழுக்க அமைதியாகிவிட வேண்டும் என்று நீங்கள் முயன்றால், அந்த முயற்சியே புதிய பதற்றமாகிவிடும்.

அறிகுறி: நல்ல சீட்டு வந்ததும் கை நடுங்குகிறது

கையில் ஏஸ் ஜோடி வருவது சராசரியாக 221 ஆட்டத்துக்கு ஒரு முறை. வந்தவுடன் உடல் துள்ளுவது இயல்பு. நேரில் உட்கார்ந்து ஆடும் மேசைகளில், சிப்பை முன்னே நகர்த்தும் ஒருவரின் கை திடீரென நடுங்கினால், அனுபவமுள்ளவர்கள் அதைப் பொய்யின் அடையாளமாகக் கொள்வதில்லை. வலுவான சீட்டு வந்திருக்கிறது என்றே பெரும்பாலும் கருதி ஒதுங்கிவிடுவார்கள். இணையத்தில் ஆடுபவருக்கு இந்த விஷயத்தில் பெரிய சலுகை இருக்கிறது: உங்கள் கையை யாரும் பார்ப்பதில்லை. எனவே நடுக்கத்தை நிறுத்த முயல வேண்டாம். அது தவறான பொத்தானை அழுத்தாதபடி பார்த்துக்கொண்டால் போதும்.

தொகையை விரலால் இழுத்து நிர்ணயிக்கும் பட்டையைப் பயன்படுத்தாமல், எண்ணாகத் தட்டச்சு செய்யுங்கள். ஆல்-இன் (இருக்கும் சிப்பு முழுவதையும் வைப்பது) அழுத்தும்போது ஒருமுறை உறுதி கேட்கும் வசதி செயலியில் இருந்தால் அதை இயக்கிவையுங்கள். நான்கு நிறச் சீட்டுக்கட்டு என்ற அமைப்பும் பெரும்பாலான செயலிகளில் உண்டு. அதில் ஆர்ட்டின் சிவப்பாகவும், டைமண்ட் நீலமாகவும், கிளாவர் பச்சையாகவும், இஸ்பேடு கறுப்பாகவும் தெரியும். ஐந்து இஸ்பேடு சேர்ந்துவிட்டதாக எண்ணி எல்லாவற்றையும் வைத்த பிறகு, அவற்றில் ஒன்று கிளாவர் என்று கண்டுபிடிக்கும் அவலம் இதனால் நீங்கும். சிறிய கைப்பேசித் திரையில், அதுவும் படுத்துக்கொண்டு ஆடுபவருக்கு, இந்த ஓர் அமைப்பு மட்டுமே பாதிப் பதற்றத்தைக் குறைத்துவிடும்.

கை தெரியாவிட்டாலும் நேரம் தெரியும் என்பதை மறக்க வேண்டாம். நல்ல சீட்டுக்கு உடனே அழுத்துவதும் நடுத்தரச் சீட்டுக்குப் பத்து வினாடி யோசிப்பதும் உங்கள் வழக்கமானால், கவனமான எதிராளி அதைப் படித்துவிடுவார். எந்தச் சீட்டாக இருந்தாலும் மனத்துக்குள் நான்கு எண்ணிவிட்டு அழுத்துவது என்று வைத்துக்கொண்டால் இது மறையும். கூடவே நடுக்கம் தணியவும் அந்த நான்கு எண்ணிக்கை உதவும்.

அறிகுறி: கடிகாரம் ஓடத் தொடங்கியதும் எதுவும் தோன்றவில்லை

நான் பார்த்தவரை அதிகமானோருக்கு இருப்பது இதுதான். நம் பக்கத்தில் போக்கருக்கு வருபவர்களில் பலரும் கல்யாண மண்டபங்களிலும் தோட்டத்துக் கட்டிலிலும் விடிய விடிய ரம்மி ஆடிப் பழகியவர்கள். ரம்மியில் ஒரு சீட்டை எடுத்து ஒரு சீட்டைப் போடுவது என்ற தாளம் மாறாமல் நடக்கும்; யோசிக்க வேண்டியது பெரும்பாலும் தன் கையைப் பற்றியே. போக்கரில் அப்படியன்று. கைச்சீட்டு இரண்டைப் பார்த்தபோது ஒரு முடிவு, ஃப்ளாப்பில் எல்லாருக்கும் பொதுவான மூன்று சீட்டு மேசையில் விரிந்தபோது இன்னொன்று, நான்காம் பொதுச்சீட்டான டர்னிலும் ஐந்தாவதான ரிவரிலும் மேலும் இரண்டு என ஒவ்வொன்றிலும் எதிராளியின் தொகைக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு பதிலுக்கும் சில பத்து வினாடிகளே கிடைக்கின்றன. அந்த வினாடிகளில் "அவரிடம் என்ன இருக்கும், நான் தோற்றால் என்ன ஆகும், போன வாரம் இப்படித்தானே ஆனது" என்று மூன்று திசையிலும் மனம் ஓடினால் எதுவும் தோன்றாமல் நின்றுவிடுவது இயற்கை.

தீர்வு, கேள்விகளின் எண்ணிக்கையைக் குறைப்பது. கைச்சீட்டைப் பற்றிய முடிவைக் கடிகாரத்திடம் கொண்டுபோகவே கூடாது. மேசையில் எந்த இருக்கையிலிருந்து எந்தச் சீட்டுகளோடு நுழைவது என்ற அட்டவணை ஒன்றை எழுதி, திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். முன்னால் பேச வேண்டிய இருக்கையில் குறைவான சீட்டுகளோடும், கடைசியில் பேசும் இருக்கையில் தாராளமாகவும் நுழைவது என்ற அளவுக்கு இருந்தாலும் தொடக்கத்துக்குப் போதும். அட்டவணை குறையுள்ளதாக இருக்கலாம். குறையுள்ள அட்டவணையை நிதானமாகப் பின்பற்றுபவர், அட்டவணையே இல்லாமல் ஒவ்வொரு முறையும் புதிதாக யோசிப்பவரைவிடத் தெளிவாக ஆடுவார் என்பது என் எண்ணம்.

ஃப்ளாப்புக்குப் பிறகு கேட்க வேண்டியவை இரண்டே: எவ்வளவு கொடுத்து எவ்வளவு பெறப் பார்க்கிறேன், அது கிடைக்க எத்தனை சதவீத வாய்ப்பு. எடுத்துக்காட்டாக, டர்ன் சீட்டு விழுந்த பிறகு பாட் தொகை 300 ஆக இருக்கிறது. எதிராளி 150 வைக்கிறார். நீங்கள் 150 கொடுத்தால் மொத்தப் பாட் 600 ஆகும். அதில் உங்கள் பங்கு நான்கில் ஒன்று, அதாவது குறைந்தது 25 சதவீத வாய்ப்பாவது இருந்தால்தான் கால் செய்வது (எதிராளி வைத்த தொகைக்குச் சமமாகக் கொடுத்துத் தொடர்வது) நியாயம். உங்களிடம் நான்கு ஆர்ட்டின் சேர்ந்து ஐந்தாவதற்குக் காத்திருக்கிறீர்கள் என்றால், நீங்கள் பார்க்காத 46 சீட்டில் 9 உங்களுக்கு உதவும். அது 20 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. ரிவரில் ஆர்ட்டின் விழுந்தால் எதிராளி மேலும் பெரிதாகக் கொடுப்பார் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால், விட்டுவிட வேண்டியதுதான். அவர் 150க்குப் பதிலாக 75 வைத்திருந்தால், 450இல் 75 என்பது 17 சதவீதத்துக்குள் வரும். தயங்காமல் கால் செய்யலாம். இந்தக் கணக்கை ஆட்டத்தின் நடுவில் கற்க முடியாது. பகலில், பேருந்தில் போகும்போது, வெறும் எண்களை வைத்துப் பழகிக்கொள்ள வேண்டும். உதவும் சீட்டுகளின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கினால் அடுத்த ஒரு சீட்டுக்கான சதவீதமும், ஃப்ளாப்பில் நின்று நான்கால் பெருக்கினால் மீதி இரண்டு சீட்டுக்கான சதவீதமும் ஏறத்தாழக் கிடைத்துவிடும். ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கும் மனத்தில் பயத்துக்கு இடம் குறைவு.

பிளைண்டு ஏற ஏற வரும் பதற்றத்துக்கும் ஓர் எண் உண்டு. கணித வல்லுநரும் பேக்கமன் ஆட்டக்காரருமான பால் மேக்ரியலின் பெயரால் அது 'எம்' என்று அழைக்கப்படுகிறது: உங்கள் சிப்பை, ஒரு சுற்றுக்கு மேசையில் கட்டாயமாக விழும் மொத்தத் தொகையால் வகுக்க வேண்டும். பிளைண்டு 200, 400 என்றும் ஆன்ட்டி (பிளைண்டுக்கு மேல் வைக்கும் கட்டாயத் தொகை) மொத்தம் 400 என்றும் இருந்தால் ஒரு சுற்றுக்கு 1,000. உங்களிடம் 6,000 இருந்தால் எம் ஆறு. எதுவும் ஆடாமல் உட்கார்ந்திருந்தாலும் ஆறு சுற்று தாங்கும் என்று பொருள். ஐந்துக்குக் கீழே இறங்கினால் நுணுக்கங்களுக்கு இடமில்லை. ஆல்-இன் அல்லது ஃபோல்டு என்ற இரண்டு வழிகளே மிச்சம். விந்தையாகத் தோன்றினாலும் பலருக்கு இந்தக் கட்டத்தில்தான் படபடப்பு குறைகிறது, ஏனெனில் தேர்வுகள் குறைந்துவிட்டன.

டைம் பேங்க் என்ற கூடுதல் நேரத்தை முதல் ஒரு மணி நேரத்திலேயே சில்லறைப் பாட் தொகைகளுக்காகச் செலவழித்துவிடாதீர்கள். ஒரே நேரத்தில் இரண்டு மேசை ஆடுபவர், இந்த அறிகுறி இருக்கும்வரை ஒன்றுக்குத் திரும்புவது நல்லது.

அறிகுறி: பரிசு வரம்பு நெருங்கியதும் ஆடவே பயமாக இருக்கிறது

பப்பிள் எனப்படும் இந்தக் கட்டத்தைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகள் பெரும்பாலும் "பயப்படாதே, துணிந்து ஆடு" என்பதாக இருக்கின்றன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இங்கே வரும் பயத்தில் பாதி முற்றிலும் நியாயமானது. எந்தப் பாதி என்று தெரிந்துகொள்ள ஒரு கணக்கு உதவும்.

நான்கு பேர் மிச்சம். முதல் மூவருக்கு 50, 30, 20 என்று புள்ளிகள். நால்வரிடமும் சமமான சிப்பு. அப்படியானால் ஒவ்வொருவரின் நிலையின் மதிப்பு 25 புள்ளி. இப்போது ஒருவர் ஆல்-இன் வைக்கிறார், நீங்கள் கால் செய்து வெல்கிறீர்கள் என்று கொள்வோம். உங்கள் சிப்பு இரட்டிப்பாகிறது, ஆனால் மதிப்பு 50 ஆவதில்லை. இருக்கும் சிப்பின் விகிதத்தில் முதலிடம் பெறும் வாய்ப்பைக் கணக்கிட்டால், உங்களுக்கு முதலிடத்துக்கு 50 சதவீதம், இரண்டாமிடத்துக்கு 33, மூன்றாமிடத்துக்கு 17. புள்ளியாக மாற்றினால் 38 சொச்சம். தோற்றாலோ பூஜ்யம். ஆக 25ஐப் பணயம் வைத்து 38ஐ அடையப் பார்க்கிறீர்கள். கால் செய்வது நியாயமாக வேண்டுமானால் வெல்லும் வாய்ப்பு 65 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். ராணி ஜோடியோடு நிற்பவர், எதிரில் ஏஸும் ராஜாவும் இருப்பதாக எப்படியோ உறுதியாகத் தெரிந்தாலும், சுமார் 55 சதவீத வாய்ப்போடு இந்த இடத்தில் கால் செய்யக் கூடாது. சாதாரண நேரத்தில் மகிழ்ச்சியோடு கால் செய்ய வேண்டிய அதே சீட்டு. எனவே பிறர் வைத்த ஆல்-இன்னுக்குக் கால் செய்ய உங்கள் உடல் தயங்கினால், உடல் சொல்வதைக் கேளுங்கள்.

நியாயமற்ற பாதி எது என்றால், தானே முதலில் வைப்பதற்குப் பயப்படுவது. மேலே சொன்ன 65 சதவீதக் கணக்கு எதிராளிக்கும் பொருந்துமல்லவா? நீங்கள் முதலில் ஆல்-இன் வைத்தால், அந்தச் சுமை அவர் தலையில் ஏறுகிறது. பெரும்பாலும் ஒதுங்கிவிடுவார், பிளைண்டும் ஆன்ட்டியும் சீட்டைக் காட்டாமலேயே உங்களுக்கு வந்துசேரும். சிப்பு அதிகம் உள்ளவர் இந்தக் கட்டத்தில் அடிக்கடி தொகையை உயர்த்துவதன் காரணம் இதுதான். அது ஆணவம் அன்று, கணக்கு. ஆகவே இந்தப் பகுதிக்கான விதியை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம்: வைப்பதற்கு அகலமான கை (பலவகைச் சீட்டுகள்), கால் செய்வதற்குக் குறுகலான கை (மிக வலுவான சீட்டுகள் மட்டும்). எல்லாரையும்விடக் குறைந்த சிப்போடு எம் மூன்றுக்குக் கீழே நிற்பவருக்கு மட்டும் இது முழுதாகப் பொருந்தாது. அவர் காத்திருந்தால் பிளைண்டே அவரைத் தின்றுவிடும்.

புள்ளிப் பட்டியலை அடுத்த திரையில் திறந்துவைத்து, யார் வெளியேறினார் என்று ஒவ்வொரு நிமிடமும் பார்ப்பதை நிறுத்துங்கள். சுற்றுக்கு ஒருமுறை பார்த்தால் போதுமான தகவல் கிடைக்கும்.

அறிகுறி: பிளஃப் வைத்துவிட்டு மூச்சு நின்றுவிடுகிறது

பிளஃப் என்பது வலுவில்லாத சீட்டோடு, எதிராளியை விலகவைப்பதற்காகத் தொகை வைப்பது. வைப்பதற்கு முன்பே பதில் தெரிந்திருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எதிராளி கால் செய்தால் என்னிடம் எவ்வளவு மிஞ்சும்? பாட் அளவுக்குச் சமமான தொகையில் வைக்கும் பிளஃப், இரண்டில் ஒரு முறை பலித்தாலே முதல் அழியாது. பாதிப் பாட் வைத்தால் மூன்றில் ஒரு முறை போதும். அப்படியானால் தோற்பது இங்கே திட்டத்தின் ஒரு பகுதி. அந்தத் தோல்வியைத் தாங்க முடியாத அடுக்கோடு பிளஃப் வைத்திருந்தால் வைத்ததே தவறு. மூச்சுப் பயிற்சியால் அது சரியாகாது. வைத்துவிட்ட பிறகு செய்யக்கூடியது, விடும் மூச்சை இழுக்கும் மூச்சைவிட நீளமாக்குவது. நீண்ட மூச்சு விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே மெதுவாகும் என்பதால் இது மட்டும் உடனடியாகப் பலிக்கும்.

அறிகுறி: பெரிய சீட்டோடு தோற்ற பிறகு எல்லாம் தாறுமாறாகிறது

ஏஸ் ஜோடி, ராஜா ஜோடியை வெல்லும் வாய்ப்பு சுமார் 82 சதவீதம். இதை "எப்படியும் வெல்வோம்" என்று மனம் எழுதிக்கொள்கிறது. ஆனால் இப்படிப்பட்ட மோதல் ஐந்து நடந்தால், அவற்றில் ஒன்றிலாவது ஏஸ் ஜோடி தோற்பதற்கு ஏறத்தாழ 63 சதவீத வாய்ப்பு இருக்கிறது. தோற்றவுடன் செயலி ஏமாற்றுகிறது என்று குழுவில் எழுதுபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

அறிகுறி எப்படித் தெரியும் என்றால், அடுத்த ஆட்டத்தில் வழக்கமாகத் தொடாத சீட்டோடு நுழைவீர்கள். உங்களை வென்றவரையே குறிவைப்பீர்கள். வெளியேறிய அடுத்த நொடியில் இன்னொரு போட்டியின் பதிவுப் பொத்தானைத் தேடுவீர்கள். மோட்டாரின் ஸ்டார்ட்டர் ட்ரிப் ஆகி நின்றால், தோட்டக்காரர் பச்சைப் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துவதில்லை. ஃபேஸ் போயிருக்கிறதா, கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டதா என்று பார்த்த பிறகே கை வைப்பார். அதே போல, பெரிய இழப்புக்குப் பின் வரும் முழுச் சுற்றையும் ஆடாமல் விட்டுவிடுவது என்று முன்பே முடிவுசெய்துகொள்ளுங்கள். பிளைண்டாகப் போகும் சிப்பு, கோபத்தில் போகப்போவதைவிடக் குறைவு. பல தளங்களில் ஒவ்வொரு மணியின் 55ஆவது நிமிடத்தில் ஐந்து நிமிட இடைவேளை வரும். அதைத் திரையைப் பார்த்தபடி கழிக்காமல், எழுந்து வாசல்வரை நடந்துவிட்டு வருவது பலன் தரும். வெளியேறிவிட்டால் அன்றிரவு மறுபதிவு இல்லை என்பதைக் குழுவின் விதியாகவே வைத்துக்கொண்ட நண்பர்கள் இருக்கிறார்கள்; இது நல்ல விதி என்றே நினைக்கிறேன்.

அறிகுறி: இணைப்பு அறுந்துவிடுமோ என்ற பயமே ஆட்டத்தைக் கெடுக்கிறது

பல்லடம், சோமனூர்ப் பக்கம் விசைத்தறிக் கூடத்தை ஒட்டிய வீடுகளிலும், காங்கயத்துத் தோட்டத்து வீடுகளிலும் இருப்பவர்களுக்கு இது கற்பனை பயம் அன்று. மோட்டார் எடுத்தவுடன் வோல்டேஜ் இறங்கி ரவுட்டர் அணைந்து எரியும். ரவுட்டருக்கென்றே கிடைக்கும் சிறிய பேட்டரியை வைத்துக்கொள்வதும், கைப்பேசி ஹாட்ஸ்பாட்டை முன்பே ஒருமுறை இணைத்துச் சோதித்துவைப்பதும் போதும். இணைப்பு போனால், நேரம் தீர்ந்ததும் பெரும்பாலான செயலிகள் செக் செய்ய (தொகை வைக்காமல் தொடர) முடிந்தால் செக் செய்யும், இல்லாவிட்டால் ஃபோல்டு செய்யும்; உங்கள் சிப்பைத் தானாக வைத்துவிடாது. நண்பர்கள் குழுப் போட்டியில் நடத்துநர் ஆட்டத்தை நிறுத்திவைக்கும் வசதி சில செயலிகளில் உண்டு. அதை எப்போது பயன்படுத்துவது என்று போட்டிக்கு முன்பே பேசிவைத்தால் நடுவில் தகராறு வராது.

அறிகுறி: ஆட்டம் முடிந்த பிறகும் தூக்கம் வரவில்லை

இரவு ஒரு மணிக்குத் திரையை அணைத்தாலும் அந்த ஒரு ரிவர் சீட்டு கண்ணுக்குள் விழுந்துகொண்டே இருக்கும். அடுத்த அறையிலிருந்து அம்மா "ஏஞ்சாமி, இன்னுந் தூங்கலியா?" என்று கேட்கும்போதுதான் மணி இரண்டைத் தாண்டியது தெரியும். இதற்குப் பயன்படும் வழி, உறுத்தும் ஆட்டத்தை அப்போதே அலசாமல், அதன் எண்ணையும் ஒரு வரிக் கேள்வியையும் மட்டும் தாளில் எழுதிவைத்துவிட்டு மூடிவிடுவது. செயலிகள் ஒவ்வோர் ஆட்டத்தின் வரலாற்றையும் சேமித்து வைக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை பகலில் எடுத்துப் பார்க்கலாம். பார்க்கும்போது வென்றேனா தோற்றேனா என்பதை மறைத்துவிட்டு, அந்த நேரத்தில் தெரிந்த தகவலை வைத்து எடுத்த முடிவு சரியா என்று மட்டும் கேட்க வேண்டும். குழு நண்பர் ஒருவரிடம் முடிவைச் சொல்லாமல் கேள்வியை மட்டும் அனுப்பிக் கருத்துக் கேட்பது இன்னும் நல்லது. குழுவின் போட்டியை எட்டரைக்குத் தொடங்கி பதினொன்றரைக்குள் முடியுமாறு பிளைண்டு ஏறும் வேகத்தை அமைத்துக்கொள்வதும் இந்த அறிகுறிக்கான சிகிச்சையே. ஒரு கட்டத்தின் நேரத்தைப் பதினைந்திலிருந்து பத்து நிமிடமாகக் குறைத்தாலே மொத்த நேரம் பெரிதும் சுருங்கும்.

தூக்கமின்மை ஆட்டம் இல்லாத நாட்களிலும் தொடர்ந்தால், அல்லது ஆடாமல் இருக்க முடியவில்லை, வேலைக்குப் போனாலும் மனம் அங்கேயே நிற்கிறது என்ற நிலை வந்தால், அது இந்த வழிமுறையின் எல்லைக்கு வெளியே உள்ளது. டெலி மானஸ் எனப்படும் மனநல உதவி எண் 14416ஐ எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள். தமிழ்நாடு அரசின் 104 சுகாதார உதவி எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். படபடப்போடு நெஞ்சு வலியோ மயக்கமோ சேர்ந்து வந்தால், மேசையில் எவ்வளவு சிப்பு இருந்தாலும் அப்படியே விட்டுவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும்.